கவிழ்த்து வைத்த கார்டு

பதினாறாம் எண் எழுந்துவிட்டது. பதினேழு நான். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று கோமதி மேடம் காலையிலேயே சொல்லிவிட்டார். அன்சாரி பன்னிரண்டு நிமிடம் பேசுவான், வயரை மாற்றிச் செருக ஒரு நிமிடம், அப்புறம் நான் மேடை ஏறுவேன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கித் திரையைப் பார்ப்பார். எல்லாம் இந்த மழையால் வந்தது. பங்குனியில் இப்படி ஒரு மழை பெய்ய வேண்டுமா? எந்தச் சனிக்கிழமையும் அவர் என்னை வாசலில் இறக்கிவிட்டுப் புளிய மரத்தடியில் வண்டியைப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார், உள்ளே வந்ததே இல்லை. இன்று வராந்தாவில் சாரல் பட நின்றவரை மேடம் பார்த்துத் தொலைத்தார். "எப்சிபா, வெளிய நிக்கிறது உங்க ஹஸ்பண்டா? அவரை ஏன் நனைய விடுறீங்க, உள்ள வந்து உட்காரச் சொல்லுங்க" என்றார். வேண்டாம் மேடம், அவருக்கு வெளியில் இருப்பதுதான் பிடிக்கும் என்று நான் சொன்னது எனக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பல்கலைக்கழகத்து வகுப்புக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற ஆள் அவர் ஒருத்தராகத்தான் இருக்கும். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, அவர்கள் மேல் இல்லை, அவர் மேல்.

அன்சாரி கேக் கடையைப் பற்றிப் பேசுகிறான். வீட்டில் கேக் செய்து விற்ற ஒரு பெண், முட்டை போடாத கேக்கில் முட்டை போட்டுவிட்டாளாம், அதோடு ஊர் அவளை விட்டுவிட்டதாம். எல்லோரும் சிரிக்கிறார்கள். மூடின கடைகளைப் பற்றித்தான் எல்லோரும் பேச வேண்டும், அதுதான் இந்தப் பருவத்தின் பயிற்சி. சுயதொழிலும் சிறுதொழில் மேலாண்மையும் என்பது பாடத்தின் பெயர். முதல் பருவத்தில் தொழிலை எப்படித் தொடங்குவது, இரண்டாவதில் எப்படி மூடுவது. மூடுவதற்கு ஒரு படிப்பு வேண்டுமா என்று சேர்ந்த புதிதில் நான் கேலி செய்தபோது என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "நீங்கள் நேரில் அறிந்த, நின்றுபோன ஒரு சிறுதொழில்" என்று தாளில் போட்டிருந்தது. பெயரை மாற்றிக்கொள்ளலாம், நிறுவனம் அ என்றோ ஆ என்றோ போட்டுக்கொள்ளலாம். நேரில் அறிந்தது என்றால் எனக்கு வேறு எது தெரியும்? பதினொரு வருஷம் ஒரே கடைக்குள், எங்கள் போட்டோ ஸ்டூடியோவுக்குள், ஆல்பம் டிசைன் பண்ணிக்கொண்டிருந்தவளுக்கு? வேறு கடையைத் தேடியிருக்கலாம். எதிர்த்த டெய்லர் கடையும்தான் மூடிக் கிடக்கிறது. அதை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. சோம்பேறித்தனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அவர் இங்கே வர மாட்டார் என்ற தைரியம்தான் அது, இப்போது தெரிகிறது.

நாலு கட்டம். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். எதைக் கொடுத்தாலும் மேடம் நாலு கட்டத்துக்குள் போடச் சொல்வார். பலத்தில், உள்ளூரில் நல்ல பெயர், சொன்ன நாளில் ஆல்பம் கொடுக்கும் ஒழுங்கு என்று எழுதினேன். வாய்ப்பில் கல்லூரி ஆண்டுவிழாக்கள். அச்சுறுத்தலில் மொபைல் போன். பலவீனத்தில்தான் நின்றேன். பலவீனத்தின் கீழே, தடித்த எழுத்தில், திருப்புமுனை என்று ஒரு வரி வேண்டும், எந்த ஒரு நிகழ்ச்சியால் தொழில் சாயத் தொடங்கியதோ அது. முதலில் "நிறுவனத்தில் பணிபுரிந்த ஒரு பெண்ணின் கவனக்குறைவு" என்று அடித்தேன். எந்தப் பெண், என்ன பெண் என்று யாராவது கேட்பார்களே என்று அழித்தேன். பிறகு "உரிமையாளரின் கவனக்குறைவு" என்று அடித்தேன். அடித்து முடித்ததும் மூச்சு விட்டேன், அந்த மூச்சு இன்னும் ஞாபகம் இருக்கிறது, சுகமாக இருந்தது. டீ போட்டுக் குடித்தேன். பக்கத்து அறையில் அவர் ஷைனிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார், "இன்னும் ரெண்டே வாய், அப்பாவுக்காண்டி ஒண்ணு, அம்மாவுக்காண்டி ஒண்ணு" என்று கேட்டுக்கொண்டிருந்தது. சேமி என்ற பொத்தானை அழுத்தினேன். நான் நல்லவள் இல்லை.

திரும்பிப் பார்க்கலாமா? பார்த்தால் அவரும் பார்ப்பார். முன்பக்கம் ஜன்னல் கண்ணாடியில் கடைசி பெஞ்சு கலங்கலாகத் தெரிகிறது, நீலச் சட்டை தெரிகிறது. கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. லெந்து நாட்கள், ஈஸ்டர் முடிகிற வரை எங்கள் ஆட்களிடம் கல்யாணம் கிடையாது, அதனால் லைட் பிடிக்கப் போகிற வேலையும் அவருக்கு இல்லை. சொந்த ஸ்டூடியோ வைத்திருந்தவர் இப்போது இன்னொருத்தர் எடுக்கிற கல்யாணத்தில் லைட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், "அண்ணே, கொஞ்சம் இடப்பக்கம்" என்று அவரைவிடப் பத்து வயது சின்னவன் சொல்கிறான், இவர் நகர்கிறார். எனக்கு அதைச் சொன்னது அவர் இல்லை, பக்கத்து வீட்டு அக்கா. அவர் வீட்டில் எதுவும் சொல்வதில்லை. என்னை இந்தப் படிப்பில் சேர்த்ததும் அப்படித்தான், ஒருநாள் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "நீ டிசைன் நல்லா பண்ணுவ எப்சி. படிச்சுட்டு வீட்டுல இருந்தே தனியா பண்ணு, நாலு ஸ்டூடியோக்காரங்க கொடுப்பாவ" என்றார். அவ்வளவுதான். நாலு ஸ்டூடியோக்காரர்கள் கொடுப்பார்கள், என்ன கொடுப்பார்கள், படம் எடுத்த மெமரி கார்டைத்தான் கொடுப்பார்கள். அந்தச் சின்ன கறுப்புக் கார்டைத் தொட்டாலே இப்போதும் விரல் நுனி குளிர்கிறது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

கவிழ்ந்து கிடந்தால் காப்பி ஆனது, நிமிர்ந்து கிடந்தால் ஆகாதது. இது எங்கள் கடைச் சட்டம். அவர் போட்ட சட்டம். கேமராவிலிருந்து எடுத்த கார்டை மேசையில் பெயர் தெரிகிற மாதிரி நிமிர்த்தி வைப்பார், நான் கம்ப்யூட்டரில் காப்பி பண்ணி, திறந்து பார்த்து, அப்புறம் கவிழ்த்து வைப்பேன். கவிழ்ந்த கார்டை எடுத்துப் படங்களை அழித்துவிட்டு மறுபடியும் அவர் படம் எடுப்பார். கேட்டுக்கொள்ளவே மாட்டோம். பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட, இது ஆச்சா ஆகலையா என்று அவர் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால். இல்லை, அப்படிப் போக வேண்டாம், அப்படிப் போனால் மறுபடியும் அவர் தலையில்தான் வந்து நிற்பேன், எந்த வழியில் போனாலும் அங்கேயே போய் நிற்கிறேன், எனக்குத் தெரிகிறது.

அன்சாரியின் மூன்றாவது திரை. இன்னும் ஆறு நிமிடம் இருக்கும். அன்றைக்கு எங்கள் ஊர் ஆசீர்வாதம் வாத்தியார் மகள் பிரிசில்லா கல்யாணம். காலையில் கோயிலில் ஆராதனை, சாயந்திரம் மண்டபத்தில் ரிசப்ஷன். வாத்தியாருக்கு ரொம்ப நாளாக உடம்பு சரியில்லை, சக்கர நாற்காலியில்தான் வருவார் என்று பேசிக்கொண்டார்கள், ஆனால் மனுஷன் எழுந்து மகள் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நடந்தார். நான் பார்க்கவில்லை, அவர் வந்து சொன்னார். கடைக்குள் வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னார், "எப்சி, இன்னைக்கு ஒரு படம் எடுத்துருக்கேன், பாரு, நீயே சொல்லுவ" என்று. கண் மின்னிற்று. போதகர் ஐயர் ஆராதனை நேரத்தில் யாரும் போனைத் தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அந்தப் படம் வேறு யாரிடமும் இல்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை. கார்டை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர் மண்டபத்துக்குச் சாப்பிடப் போனார். ஷைனிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், மூன்று நாளாக நான் கண்ணை மூடவில்லை. பிள்ளையைக் கடையிலேயே, படம் எடுக்கும்போது பின்னால் தொங்கவிடுகிற நீலத் துணியை நாலாக மடித்து, அதில் படுக்கப் போட்டிருந்தேன். கம்ப்யூட்டரில் கோயில் என்று ஒரு ஃபோல்டர் போட்டுவிட்டுக் கார்டைக் கையில் எடுத்தேன். செருகப் போகிறேன். பிள்ளை வாந்தி எடுத்தாள். கார்டை வைத்துவிட்டு ஓடினேன். எப்படி வைத்தேன் என்று அப்போது தெரியாது. இப்போது தெரியும், மேசைக் கண்ணாடியில் அது பட்ட சத்தம்கூடத் தெரியும். கவிழ்த்து வைத்தேன். பிள்ளையைக் கழுவி, துணியைக் கழுவி, மருந்து கொடுத்து மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தவள் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. நாலு மணிக்கு அவர் வந்து, என்னை எழுப்பாமல், கவிழ்ந்து கிடந்த கார்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். எழுப்பாமல் போனார். பிள்ளையும் தாயும் தூங்கட்டும் என்று போயிருக்கிறார். நான் விழித்தபோது பிள்ளைக்கு மறுபடியும் உடம்பு கொதித்தது, கார்டு நினைவுக்கே வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆல்பம் வேலைக்கு உட்கார்ந்து, கோயில் என்று பெயர் போட்ட ஃபோல்டரைத் திறந்தேன். காலி. மறுபடி மூடித் திறந்தேன், மறுபடியும் காலி. இன்றைக்கும் ஏதாவது ஃபோல்டரைத் திறந்தால் அந்த வெள்ளைத்தான் முதலில் கண்ணுக்கு வருகிறது. அழித்த இடத்தின் மேலேயே ரிசப்ஷனை எடுத்திருந்ததால் திருநெல்வேலியில் மீட்டுக் கொடுக்கிறவர்களும் கையை விரித்துவிட்டார்கள். அன்றைக்கு அவரிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார், "கார்டு கவுந்துதான கிடந்துச்சு?" கேட்டது அது ஒன்றுதான். இல்லை, நான்தான் கை தவறிக் கவிழ்த்துவிட்டேன் போலிருக்கிறது என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? நான் சொன்னேன், "இல்லங்க. நிமிந்துதான் கிடந்துச்சு. நீங்கதான் பார்க்காம எடுத்துட்டுப் போயிட்டீய." குரல்கூட நடுங்கவில்லை எனக்கு. நிமிர்ந்து கிடந்த கார்டை எடுத்துவிட்டோமோ என்று அவர் தன்னையே சந்தேகப்பட்டு மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் மேசையைப் பார்த்தார். "அப்படியா" என்றார். சட்டையை மாற்றிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனார். நான் பயந்துதான் சொன்னேன். எதற்குப் பயந்தேன்? அவர் அடிக்கிற ஆள் இல்லை, திட்டுகிற ஆளும் இல்லை. அவர் அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னபோது மின்னின கண் இருக்கிறதே, அது என்னைப் பார்த்து அணைந்துபோவதைப் பார்க்கப் பயந்தேன். அதற்காக அவரே தன்னைப் பார்த்து அணைந்துபோகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பத்தொன்பது நாளில் வாத்தியார் இறந்துபோனார். துஷ்டிக்குப் போன இடத்தில் பிரிசில்லா இவர் சட்டையைப் பிடித்து, "எங்க அப்பா நடந்ததக் கொடுங்க, எங்க அப்பா நடந்ததக் கொடுங்க" என்று அழுதாள். ஊரே பார்த்தது. இவர் கைகூப்பிக்கொண்டு நின்றார். "நான்தாம்மா அழிச்சிட்டேன்" என்றார். பக்கத்தில்தான் நின்றேன், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பார்க்கிறவர்கள் நான் வாத்தியாருக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு கல்யாண வீடாகக் குறைந்தது. யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, "இந்தத் தடவை மாப்பிள்ளை வீட்டுக்காரங்களே ஆள் சொல்லிட்டாவ" என்பார்கள். ஒன்றரை வருஷத்தில் பலகையைக் கழற்றினோம். ஷைனி பிறந்த வருஷம் பலகையில் அவள் பெயரைப் போட்டிருந்ததால் அதைப் பழைய இரும்புக்குப் போட மனசில்லாமல் பரணில் போட்டு வைத்திருக்கிறார்.

கைதட்டுகிறார்கள். அன்சாரி முடித்துவிட்டான். சீட்டு எழுதுகிறார்கள். இது மேடத்தின் வழக்கம், ஒருவர் பேசி முடித்ததும் அறைக்குள் இருக்கிற எல்லோரும் கால் தாளில் ஒரு வரி எழுத வேண்டும், இந்தக் கடையிலிருந்து நான் கற்ற பாடம் என்று. பேசினவர் அதைச் சேகரித்துப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். "எழுதாம யாரும் தப்பிக்க முடியாது, டீ கொண்டு வந்தவர் உட்கார்ந்தாலும் எழுதிட்டுத்தான் போகணும்" என்பார். கடைசி பெஞ்சுக்கும் தாள் போகிறது. "சார், நீங்களும் எழுதுங்க" என்கிறது மேடத்தின் குரல். தலைவலி என்று சொல்லலாம். பென் டிரைவ் வேலை செய்யவில்லை என்று சொல்லலாம். அந்த ஒரு வரியை இப்போதே, ஏறுகிற வழியில், அழித்துவிடலாம். அழிக்கத்தான் எனக்கு நன்றாக வருமே. "பதினேழு" என்றார் மேடம். எழுந்தேன்.

என்ன பேசினேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. நிறுவனம் அ, ஒரு சிறிய ஊரில் இயங்கிய புகைப்பட நிலையம் என்று என் குரல் எங்கேயோ வாசித்துக்கொண்டிருந்தது. பலம் என்ற கட்டம் வந்தபோது நிமிர்ந்தேன். அவர் கையைக் கட்டினபடிதான் இருந்தார், ஆனால் முன்னால் சாய்ந்திருந்தார். சொன்ன நாளில் ஆல்பம் கொடுக்கும் ஒழுங்கு என்ற வரியில் அவர் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. அடுத்த திரை. திருப்புமுனை. தடித்த எழுத்து. நான் அதை வாசித்தேன், ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். வகுப்பில் பேனாக்கள் ஓடின. மேடம் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "பாருங்க, பதினோரு வருஷம் கட்டுன பேரு ஒரே ஒரு கவனக்குறைவுல போயிருக்கு. எங்கயுமே ஓனர் சரியில்லைன்னா ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். பிறகு அவருக்கு ஒரு உற்சாகம். "சார், நீங்க வெளியாள். உங்களுக்கு என்ன தோணுது?" என்று கடைசி பெஞ்சைக் கேட்டார். எல்லோரும் திரும்பினார்கள். அவர் எழுந்து நின்றார். காலில் செருப்பில்லை. நான் வாயைத் திறந்தேன், மேடம், அது அப்படி இல்லை என்று நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குள் அவர், "ஆமா மேடம். ஓனர் மேலதான் தப்பு" என்றார். உட்கார்ந்தார். என் வாய் திறந்தபடியே இருந்தது, அதிலிருந்து "நன்றி" என்று வந்தது. கைதட்டினார்கள்.

பெஞ்சு பெஞ்சாகப் போய்ச் சீட்டுகளை எடுத்தேன். கடைசி பெஞ்சுக்கு வந்தபோது அவர் இல்லை, மழை விட்டதும் வண்டியைத் துடைக்கப் போயிருந்தார். எல்லாச் சீட்டும் எழுத்து தெரியக் கிடந்தது, அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்த ஒன்று மட்டும் கவிழ்த்து வைத்திருந்தது. புரட்டினேன். ஆல்பம் உறைகளில் மாப்பிள்ளை பெண் பெயரை எழுதுகிற அதே குண்டு எழுத்து. "மூன்று நாள் தூங்காத ஆளிடம் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனது உரிமையாளரின் தப்பு."

வெளியே வந்தேன். அவர் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். "மார்க் எவ்வளவு போட்டாவ?" என்று கேட்டார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். அவர் கைக்குட்டையை உதறி, மடித்துப் பைக்குள் வைத்தார். "அன்னைக்கே" என்றார். "நிமிந்து கிடந்தா கார்டுல எழுதுன பேரு தெரியும்லா. நான் எடுக்கும்போது பேரு தெரியல." அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கே தெரியும். வாத்தியார் வீட்டு வாசலில் கைகூப்பி நின்றபோது தெரியும், பலகையைக் கழற்றினபோது தெரியும், நான் சொல்வேன் நான் சொல்வேன் என்று ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டே ஷைனிக்குச் சோறு ஊட்டியிருக்கிறார். நான் அதை நாலு கட்டத்துக்குள் எழுதி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். "ஏறு, திரும்பவும் மழை வரும் போலிருக்கு" என்றார். ஏறினேன். எப்போதும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவேன். கை தோள் வரைக்கும் போயிற்று, பிறகு பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.